கிளவுட் சர்வருக்குப் புதிய செயலி வடிவமைப்பது வீண் வேலையா?

கொழிஞ்சாம்பாறை மாணவி
எம்.டெக். ஆய்வுக்குத் தலைப்பு முடிவு செய்ய வேண்டும். கிளவுட் சர்வருக்காக, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கோர் ஒன்றை, அதாவது செயலிக்குள் கணக்குப் போடும் பகுதியை, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியில் (செயலிக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்) வடிவமைக்க ஆசை. வழிகாட்டியோ, கோரில் இனி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை என்கிறார். உண்மையா?

வாளையார் காற்று
இல்லவே இல்லை. அமேசான் 2018இல் கிராவிட்டான் என்ற தன் சொந்தச் சர்வர் சிப்பைக் கொண்டுவந்தது. அதன் மூன்றாம் தலைமுறை அதே வேலையை 60 சதவீதம் வரை குறைந்த மின்சாரத்தில் செய்யும் என்று அந்த நிறுவனமே சொன்னது. அப்புறம் மைக்ரோசாஃப்ட் 2023இல் கோபால்ட், கூகுள் 2024இல் ஆக்சியான். கரண்ட் பில் கட்டுகிறவர்களே சிப் வரைய இறங்கிவிட்டார்கள். நம் பக்கத்திலும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா, சென்னை ஐஐடியின் சக்தி இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் செயலிகள்தான். தைரியமாக இறங்குங்கள் தங்கச்சி.

மீனாட்சிபுரத்தான்
அண்ணா, அந்த 60 சதவீதத்தை முழுக்கக் கோரின் கணக்கில் எழுதாதீர்கள். சிப் தயாரிக்கும் நுட்பமும் மாறியது, நினைவகமும் டிடிஆர்5 என்ற புது வகைக்கு மாறியது. ஆர்ம், எக்ஸ்86 என்ற இரண்டு கட்டளைத் தொகுதிகளை ஒப்பிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் சொன்னது, கட்டளைத் தொகுதி எது என்பதால் மின்செலவு மாறுவதில்லை என்றுதான். ரிஸ்க்-ஃபைவ் என்ற பெயருக்காக ஒரு யூனிட்டும் குறையாது.

மின்சாரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் போட்ட கணக்கில், 45 நானோமீட்டர் சிப்பில் ஒரு 32 பிட் முழு எண் கூட்டலுக்கு 0.1 பிக்கோஜூல் ஆற்றல். தரவைச் சிப்புக்கு வெளியே உள்ள நினைவகமான டிராமிலிருந்து எடுத்துவர அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரு பிடி உளுந்து அரைக்கப் பொள்ளாச்சி போய்வருகிற கதை.

இன்னொன்று, சும்மா நிற்கும் செலவு. கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதினார்கள்: சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீத லோடில்தான் இருக்கின்றன, வேலையே இல்லாதபோதும் உச்ச மின்சாரத்தில் பாதியைத் தின்கின்றன. ஜிஎஸ்டிக்கு முன்னால் வாளையார் செக்போஸ்டில் நின்ற லாரி வரிசையைப் பார்த்தவர் நீங்கள். எஞ்சின் ஓடும், சக்கரம் உருளாது. அந்த வரிசையில் புது எஞ்சின் மாட்டி என்ன பயன்?

வாளையார் காற்று
லாரி உதாரணம் சரி. ஆனால் 2007க்குப் பிறகு சும்மா நிற்கும் செலவு குறைந்திருக்கிறதே, எப்படி? கோரைத் தூங்கவைக்கவும் எழுப்பவும் யாரோ உட்கார்ந்து வடிவமைத்ததால்தான். சிப்பில் டிரான்சிஸ்டர்கள் ஆன், ஆஃப் ஆகும் ஸ்விட்சிங் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் இறக்கினால், அதே வேகத்திலேயே 19 சதவீதம் மிச்சம். இதைச் சின்ன வேலை என்று தள்ள என்னால் முடியாது.

செங்கோட்டை வாசகர்
இருவருமே மிச்சமாவதைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் சொட்டுநீர் போட்டு மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் தென்னை வைத்தார்கள். கிணறு பழைய மட்டத்துக்கே போனது. தரவு மையங்கள் 2024இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன. 2030இல் 945 ஆகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. சிப் மட்டும் மாறினால் போதாது.

மீனாட்சிபுரத்தான்
அது அரசும் நிறுவனங்களும் பேச வேண்டியது. தங்கச்சி கேட்டது ஆய்வுத் தலைப்பு. செயற்கை நுண்ணறிவு வேலைக்கென்றே கூகுள் செய்த டிபியு சிப், அன்றைய சிபியு, ஜிபியுக்களைவிட ஒரு வாட்டுக்கு 30 முதல் 80 மடங்கு வேலை செய்தது என்று 2017இல் கட்டுரை வந்தது. ஒருமுறை கொண்டுவந்த தரவைச் சிப்புக்குள்ளேயே பலமுறை பயன்படுத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அண்ணா சொல்கிற வடிவமைப்பு இந்தப் பக்கம் திரும்பினால் எனக்குச் சண்டையே இல்லை.

கொழிஞ்சாம்பாறை மாணவி
அப்படியென்றால் புதுக் கோர் வரையவில்லை. சக்தியின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அதை எடுத்து, சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷுக்கும் வெளி நினைவகத்துக்கும் நடுவே எவ்வளவு மின்சாரம் போகிறது என்று முதலில் அளக்கிறேன். எந்த லோடில் அளப்பது?

மீனாட்சிபுரத்தான்
சும்மா நிற்கும்போது ஒன்று, அப்புறம் 10, 30, 50 சதவீதத்தில் தனித்தனியாக. முழு லோடைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.