லோடிங் மேடையில் ஃபோர்க்லிஃப்ட் விதிகள்: அனுபவமுள்ள ஓட்டுநரே மீறினால் என்ன செய்வது?

கேள்வி: தோவாளை மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஒரு சரக்குக் குடோனில் நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ரப்பர் பால் டிரம்கள், முந்திரிப் பருப்புப் பெட்டிகள், கயிற்றுக் கட்டுகள் ஆகியவை இங்கிருந்து வெளியே போகின்றன. டைல்ஸும் மளிகைச் சரக்கும் உள்ளே வருகின்றன. நான்கு வாசல் கொண்ட லோடிங் மேடையில் இரண்டரை டன் சரக்கைத் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றும், பேட்டரியில் ஓடும் சிறியது ஒன்றும் உள்ளன. ஓட்டுநர்கள் ஐந்து பேர், லோடுமேன்கள் பதினான்கு பேர்.

சென்ற மாதம், கிறிஸ்துமஸ் சரக்கு குவிந்திருந்த ஒரு மாலையில், மழை பெய்துகொண்டிருந்தபோது நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எங்களிடம் உள்ளவர்களிலேயே மிகவும் அனுபவமுள்ள ஓட்டுநர், இரண்டாம் வாசலில் நின்ற கன்டெய்னர் லாரிக்குள் பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டை) வைத்துவிட்டு, ரிவர்ஸில் வெளியே வந்துகொண்டிருந்தார். மூன்றாம் வாசலில் நின்ற லாரியைப் பார்த்து யாரோ "ஆச்சு, எடுக்கலாம்" என்று சொன்னது, மழைச் சத்தத்தில் தனக்குச் சொன்னதாக இரண்டாம் வாசல் லாரி டிரைவரின் காதில் விழுந்திருக்கிறது. அவர் வண்டியை நகர்த்திவிட்டார். ஃபோர்க்லிஃப்டின் முன்சக்கரங்கள் மேடையின் சிமெண்டுத் தரையைத் தொட்ட அதே நொடியில், லாரிக்கும் மேடைக்கும் நடுவே போட்டிருந்த இரும்புத் தகடு நழுவிக் கீழே விழுந்தது. அந்த இடத்தில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த லோடுமேன் ஒருவர், தேநீர் வந்திருப்பதாகக் கூப்பிட்டதால் சற்று முன்புதான் எழுந்து போயிருந்தார். அவர் வைத்துவிட்டுப் போயிருந்த சும்மாட்டுத் துணியின் மேல்தான் தகடு கிடந்தது.

லாரிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கவில்லை. கட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே ஏறக்கூடாது என்பது எங்கள் விதி. அதனால் அந்த ஓட்டுநரை மூன்று நாள் பணி இடைநீக்கம் செய்து எழுதிக் கொடுத்தேன். மறுநாளே, சரக்கு தேங்குகிறது என்று சொல்லி, முதலாளி அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வேலைக்கு வரவைத்துவிட்டார். இப்போது இளைய ஓட்டுநர்கள் இருவர் சீட் பெல்ட் போடுவதில்லை. கேட்டால், "அண்ணாச்சிக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. விதியை அனைவருக்கும் ஒன்றாக நடத்துவது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: குழித்துறையிலிருந்து, ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர்

தம்பி, நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. ஒருவருக்கும் காயமில்லை என்பதால் இதைச் சிறிய நிகழ்வாக எண்ணிவிடாதீர்கள். இரண்டரை டன் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் சுமையில்லாமலே ஏறக்குறைய நான்கு டன் எடை இருக்கும். முழுச் சுமையோடு அது ஆறு டன்னைத் தாண்டும், அந்த எடையில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேல்தான் நிற்கும். அந்தச் சக்கரங்கள் இடைவெளியில் இறங்கியிருந்தால் ஓட்டுநர் பிழைத்திருப்பது அரிது. இன்னொன்றையும் கவனியுங்கள். டிரைவர் வண்டியை எடுக்காவிட்டாலும்கூட, லாரிக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் லாரி சிறிது சிறிதாக மேடையை விட்டு விலகும். கண்ணுக்குத் தெரியாத அந்த நகர்வுக்காகத்தான் ஹேண்ட் பிரேக்கோடு கட்டையும் போடச் சொல்கிறோம்.

தண்டனை பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. அன்று இரண்டாம் வாசலில் கட்டை இருந்ததா? இருந்தும் போடாமல் விட்டார்களா, அல்லது போடுவதற்குக் கட்டையே இல்லையா? இவை இரண்டும் ஒன்றல்ல. தெரிந்தே மீறியவரை நடத்துவதைப் போலவே, கருவி இல்லாமல் வேலை செய்ய விடப்பட்டவரையும் நடத்தினால், அடுத்த முறை மயிரிழையில் தப்பியதை உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். தகடு விழுந்ததை மறைத்துவிடுவார்கள். நான் வேலை பார்த்த இடங்களில், பெரிய விபத்து நடந்த பிறகு விசாரித்தால், அதற்கு முன் அதே இடத்தில் இரண்டு மூன்று முறை சிறிய அளவில் ஏதோ நடந்திருப்பது தெரியவரும். அவற்றை ஒருவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

முதலாளி உங்கள் உத்தரவை மாற்றியதற்குக் காரணம், அது உங்கள் உத்தரவாக மட்டும் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். எந்த மீறலுக்கு வாய்மொழி எச்சரிக்கை, எதற்கு எழுத்து எச்சரிக்கை, எதற்குப் பணி இடைநீக்கம் என்பதை, சரக்கு குறைவாக இருக்கும் ஒரு நாளில் அவரோடு உட்கார்ந்து எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். அவசரமான நாளில் எடுக்கும் முடிவு எப்போதும் சரக்கின் பக்கமே சாயும். சட்டத்தையும் அவருக்கு நினைவூட்டலாம். தொழிலாளி பாதுகாப்பு ஏற்பாடுகளில் தலையிடக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 111-ஆம் பிரிவில் சொன்னது. அதே சட்டம் 7-ஏ பிரிவில், பாதுகாப்பான பணிமுறையை ஏற்படுத்தும் கடமையை நிறுவனத்தை நடத்துபவர் மேல் வைத்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பும் இரு தரப்புக்கும் கடமை விதிக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் வணிக இடங்களும் அதற்குள் வருகின்றன. ஆகவே, தொழிற்சாலை வேறு, குடோன் வேறு என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஓட்டுநருக்கு மூன்று நாள் வீட்டிலிருப்பதைவிட ஒரு நாள் மறுபயிற்சி அதிகப் பயன் தரும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதிகளில், விபத்தோ மயிரிழையில் தப்பிய நிகழ்வோ நடந்தால் அந்த ஓட்டுநருக்கு மறுபயிற்சி தர வேண்டும் என்றும், எதுவும் நடக்காவிட்டாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் ஓட்டும் முறையை மதிப்பிட வேண்டும் என்றும் உள்ளது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அதிலிருந்து விலக்கு இல்லை. நம் ஊரிலோ, மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சிறப்பு வண்டிகளை மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அதனால் ஓட்டுநரின் தகுதியைச் சோதிக்கும் பொறுப்பு நடைமுறையில் உங்கள் தலையில்தான் வந்து நிற்கிறது.

பதில் 2: தக்கலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மறுபயிற்சி ஒன்றால் இது தீராது. நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வண்டி ஓட்டுகிறேன். விதி தெரியாமல் மீறிய ஓட்டுநர்களைவிட, விதியை நன்றாகத் தெரிந்துகொண்டே மீறியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன்.

முன்பு நான் இருந்த ஒரு குடோனில், ராக்கின் மேல்தட்டில் இருந்த ஒரு பெட்டியை எடுக்க, ஒரு பையனைப் பேலட்டின் மேல் நிற்க வைத்துத் தூக்கினேன். ஆளைத் தூக்குவதற்கென்று தடுப்புக் கம்பியோடு செய்த கூண்டு இல்லாமல் அப்படித் தூக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏணி எடுத்துவர நேரமில்லை, சீக்கிரம் ஆகட்டும் என்றார் அன்றைய மேற்பார்வையாளர். பையன் பெட்டியை இழுத்தபோது பேலட்டின் ஒரு பலகை உடைந்து, அவன் ஏழெட்டு அடி உயரத்திலிருந்து விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. விசாரணையில், "யார் சொன்னால் என்ன, லிவர் உன் கையில்தானே இருந்தது?" என்று கேட்டார்கள். அது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "சீக்கிரம்" என்ற அந்தச் சொல் எந்தத் தாளிலும் பதிவாகவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் குடோனில் லாரிக் கணக்குக்குப் படி உண்டா? ஒரு ஷிப்டில் இத்தனை லாரி முடித்தால் இவ்வளவு என்று பணம் கொடுத்துவிட்டு, வேகமாக ஓட்டாதே என்று பலகை எழுதி வைத்தால், ஓட்டுநர் பணத்தின் பேச்சைத்தான் கேட்பார். சீட் பெல்ட்டும் அப்படியே. தகடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், சீட்டு வாங்கவும், சரிந்த பெட்டியைத் தள்ளி வைக்கவும், ஒரு ஷிப்டில் ஐம்பது முறையாவது ஓட்டுநரே இறங்கி ஏறினால், பதினைந்தாவது முறைக்குப் பிறகு பெல்ட் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு லோடுமேனுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் பெல்ட் போடாதவரைக் கேளுங்கள்.

அந்த இளைய ஓட்டுநர்களிடம் நீங்கள் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஃபோர்க்லிஃப்ட் நிற்பது நான்கு சக்கரத்தில் என்றாலும், அதன் சமநிலை மூன்று புள்ளிகளில்தான் இருக்கிறது: முன்சக்கரங்கள் இரண்டு, பின் அச்சின் நடுமுனை ஒன்று. சுமையை உயர்த்திக்கொண்டே திரும்பினால் எடை அந்த முக்கோணத்தை விட்டு வெளியே போகும், வண்டி பக்கவாட்டில் சாயும். ரப்பர் பால் டிரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பேலட்டில் நான்கு டிரம் வைத்தால் ஏறக்குறைய 800 கிலோ வரும், டிரம் முழுதாக நிரம்பாவிட்டால் திருப்பத்தில் உள்ளே இருக்கும் பால் அலைந்து எடையை ஒரு பக்கம் தள்ளும். வண்டி சாயும்போது குதித்துவிடலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். குதிப்பவர் விழும் பக்கமே தலைக்கு மேலுள்ள இரும்புக் கூரையும் விழுகிறது. அந்த நேரத்தில் பெல்ட்டோடு இருக்கையிலேயே இருந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடலைச் சாய்க்க வேண்டும். இதை ஒருமுறை வண்டியை நிறுத்தி வைத்துச் செய்துகாட்டினால், பெல்ட் தண்டனைக்குப் பயந்து போடுவது அல்ல என்பது அவர்களுக்குப் புரியும்.

பதில் 3: களியக்காவிளை லாரி புக்கிங் அலுவலகம்

லாரிக்காரர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அந்த டிரைவர் வேண்டுமென்று செய்யவில்லை. தூத்துக்குடியிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வந்து, வரிசையில் நின்று, தூக்கத்தில் பாதி விழிப்பில் பாதியாகக் கேபினில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், குரலை நம்பி வண்டி எடுக்கும் நிலையை நாம்தான் ஏற்படுத்துகிறோம். குரலுக்கு அங்கே இடமே இருக்கக்கூடாது. எங்கள் வழியாகச் சரக்கு போகும் ஓரிடத்தில், லாரி மேடையில் ஒட்டி நின்றதும் சாவியைப் பில் போடும் மேசைக்குப் பின்னால் உள்ள பலகையில், அந்த வாசல் எண்ணுள்ள ஆணியில் மாட்டிவிடுவார்கள். கதவை அடைத்து, கட்டையை எடுத்து, ஆள் வந்து சொன்ன பிறகு, பில்லும் சாவியும் ஒன்றாகக் கைக்கு வரும். தொடக்கத்தில் டிரைவர்கள் மறுத்தார்கள், கேபினில் பணமும் துணிமணியும் இருக்கிறதே என்று. கேபினைப் பூட்டிக்கொள்ள அனுமதித்து, அவர்கள் உட்கார நிழலும் போன் சார்ஜ் போட ஒரு பிளக்கும் கொடுத்த பிறகு எதிர்ப்பு நின்றது. அறிவிப்பைத் தமிழில் மட்டும் வைக்காதீர்கள் அண்ணா. மலையாளத்திலும் இந்தியிலும் எழுதுங்கள்.

மீண்டும் தோவாளை மேற்பார்வையாளர்

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. பத்து நாளாகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

குழித்துறை ஐயா கேட்ட கேள்விக்காகப் பழைய ஷிப்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டாம் வாசலின் கட்டைகளில் ஒன்று உடைந்துவிட்டது, மற்றொன்றைக் காணவில்லை என்று அந்த ஓட்டுநர் நவம்பரில் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் அதை எழுதியிருப்பது என் கையெழுத்து. "வாங்க வேண்டும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன், வாங்கவில்லை. காணாமல் போன கட்டை, பேட்டரி சார்ஜ் போடும் அறையின் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்று தெரிந்தவர்களுக்கு அதன் காரணம் புரியும்.

அந்த ஓட்டுநரிடம் நோட்டைக் காட்டி, என் பக்கத் தவறை ஒத்துக்கொண்டேன். அவர் இழந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க முதலாளி சம்மதித்தார். கட்டை இல்லை என்று தெரிந்தும் உள்ளே ஏறியதற்கான எழுத்து எச்சரிக்கை மட்டும் அப்படியே இருக்கும் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அதைப் படித்த பிறகு இளையவர்கள் பழைய கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை.

ரப்பர் கட்டைகள் எட்டு வாங்கி, ஒவ்வொரு வாசலிலும் இரண்டைச் சங்கிலியால் மேடையோடு கட்டிவிட்டோம். கட்டை போடாமல், சாவி பலகைக்கு வராமல் யாராவது உள்ளே ஏறச் சொன்னால், சொல்பவர் முதலாளியே ஆனாலும், ஓட்டுநர் மறுக்கலாம் என்ற வரியை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். மேடைக்கு அடியில் யாரும் உட்காராமல் இருக்கக் கம்பித் தடுப்பு போடச் சொல்லியிருக்கிறேன், வெல்டிங் ஆள் திங்கட்கிழமை வருகிறார். லாரிக் கணக்குப் படியை நிறுத்த மட்டும் முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை. பொங்கல் சரக்கு முடிந்த பிறகு பேசலாம் என்கிறார். தக்கலை நண்பரே, அந்தப் படியை மாதச் சம்பளத்தோடு சேர்த்துவிட்ட இடம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அங்கே அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுதுங்கள். அதை அச்செடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும்.