ஊறின கடலை மாதிரி ஒரு ஓ-ரிங்

வில்லியனூரான்:

புதுச்சேரியில் ஈசிஆர் பக்கம் ஒரு பெயின்ட்பால் (சாய உருண்டைகளைச் சுட்டு விளையாடும் ஆட்டம்) மைதானம், சனி ஞாயிறுகளில் அங்கே மார்க்கர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. (மார்க்கர் என்றால் துப்பாக்கிதான், ஆனால் எங்கள் முதலாளி காதில் அந்தச் சொல் விழுந்தால் முறைப்பார்.) போன மே மாதம் ஒரு மார்க்கர் என்னை மூன்று வாரம் படுத்தியெடுத்தது.

மார்க்கரைச் சுட வைக்கிற 20 அவுன்ஸ் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) டேங்கைத் திருகி மாட்டினவுடனே ஸ்ஸ்ஸ் என்று சத்தம். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவிப் பார்த்தால் டேங்க் வந்து மாட்டுகிற இடத்தில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. அங்கே கசிந்தால் பெரும்பாலும் டேங்க் வாயில் காஸ் கசியாமல் அடைத்து உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங் என்கிற வளையம்தான் காரணம். பார்த்தேன், பிளேடால் கீறினது போல ஒரு வெட்டு. இது எங்கள் பையன்கள் வேலை. டேங்கைக் கொஞ்சம் தளர்த்தி நிறுத்தி, மார்க்கருக்குள் மிச்சமிருக்கிற காஸை நாலு தடவை வெறுமனே சுட்டுக் காலி பண்ணிவிட்டுத்தான் முழுசாகக் கழற்ற வேண்டும், எத்தனை முறை சொன்னாலும் அவசரத்தில் ஒரே மூச்சில் கழற்றுவார்கள், பாய்ந்து வருகிற காஸ் ரிங்கை அறுத்துவிடும்.

கையில் ஸ்பேர் இல்லை. முதலியார்பேட்டையில் பைப் சாமான் கடை ஒன்றில் அதே அளவில் கறுப்பு ரப்பர் ரிங் அஞ்சு ரூபாய்க்குக் கிடைத்தது. போட்டேன், சத்தம் நின்றது. இவ்வளவுதானா என்று எனக்கே பெருமை.

மறுநாள் மதியம் ஒரு பிறந்தநாள் கூட்டம், இருபது பிள்ளைகள், மறுபடியும் ஸ்ஸ்ஸ். டேங்கைக் கழற்றினால் ரிங் பள்ளத்தை விட்டு எழும்பி, ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போய் நிற்கிறது, மேலே பொடிப்பொடியாகக் கொப்புளம். திரும்பப் பள்ளத்தில் அழுத்தினால் உட்கார மாட்டேன் என்கிறது. சட்டைப் பையில் போட்டு வைத்தேன், சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பழைய அளவுக்கே சுருங்கிவிட்டது! அதனால் அளவு தப்பு என்றும் நினைக்க முடியவில்லை. பைத்தியம் பிடிக்காத குறை. அதே கடையில் இன்னும் மூன்று வாங்கி மாட்டி, மூன்றும் அதே கதி.

கடைசியில் கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுன்) படகுக்காரர்களுக்கு ஹைட்ராலிக் சீல் விற்கிற ஒரு கடை அண்ணன்தான் விடை சொன்னார். ரிங்கை நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது நைட்ரைல் ரப்பர் தம்பி, ஆயிலுக்கு நல்லா நிக்கும், சிஓ2 உள்ளே ஊறிடும், நீங்க பியு போடுங்க" என்றார். வெர்னியர் வைத்து அளந்தார்: உள்விட்டம் 14 மில்லிமீட்டர், தடிமன் 1.78. கேட்டலாக்கில் அளவு எண் 015 என்று இருக்கும். பியு என்றால் பாலியூரிதேன், கடினம் 90. ஆறு வாங்கி வந்தேன். அதற்கப்புறம் அந்த மார்க்கர் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் என்னவென்றால் சிஓ2 டேங்கில் 20 டிகிரியிலேயே 57 பார் அழுத்தம் இருக்கும், நம்ம ஊர் மே வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் காஸ் ரப்பருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது, டேங்கைக் கழற்றினதும் வெளியே அழுத்தம் போய்விடுவதால் உள்ளே மாட்டிக்கொண்ட காஸ் விரிந்து ரிங்கை உப்ப வைக்கிறது. கொஞ்ச நேரத்தில் மெல்ல வெளியேறிவிடும், அதுதான் என் பையில் சுருங்கின கதை.

மஞ்சக்குப்பம் மாமா:

எனக்கு நடந்தது வேறு. கசிவு டேங்க் பக்கம் இல்லை, பேரல் (முன் குழாய்) வழியாக. வால்வுக்குள் காஸை அடைக்கிற கப் சீல் போயிருக்கும் என்று முழுக்கப் பிரித்துப்போட்டேன், பாயில் பரப்பி வைத்த ஸ்பிரிங் ஒன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போய், அதைத் தேட ஒரு மணி நேரம், வீட்டில் அர்ச்சனை. சீல் நன்றாகத்தான் இருந்தது. நான் மார்க்கரைக் காக் பண்ணாமலே (உள்ளே இருக்கிற சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தாமலே) டேங்கை மாட்டியிருக்கிறேன். ப்ளோபேக் வகையில் (சுட்டதும் காஸே சுத்தியலைப் பின்னால் தள்ளுகிற வகை) அப்படி மாட்டினால் சுத்தியல் வால்வு முள்ளில் சாய்ந்து அதை லேசாகத் திறந்தே வைத்திருக்கும், காஸ் நேராகப் பேரல் வழியாக ஓடும். பின்னால் இழுத்துக் காக் பண்ணிவிட்டு மாட்டினேன், சத்தமே இல்லை. முகமூடி மட்டும் கழற்றாதீர்கள், பேரலுக்கு உறையும் போடுங்கள், சோதனைதானே என்று நினைத்தால் கண் போய்விடும்.

அப்புறம், துரு எடுக்கிற ஸ்பிரே அடிக்கிற ஆட்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பெட்ரோலியச் சரக்கு சில வகை சீல்களைக் கெடுக்கும். சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும்.

பாகூர் தம்பி:

வில்லியனூர் அண்ணே, அந்த ஓ.டி. கடை ஞாயிற்றுக்கிழமை இருக்குமா? என்னிடமும் அதே கறுப்பு ரிங் நாலு கிடக்கிறது.

வில்லியனூரான்:

காலையில் மட்டும் இருக்கும் தம்பி. பழைய ரிங்கைக் கையோடு எடுத்துப் போ, அளவை வாயால் சொன்னால் அண்ணன் நம்ப மாட்டார்.