ஹரிகேன் எனும் பெரும்புயலில் மாட்டியவர்கள் எழுதுங்கள்: புவி வெப்பமாதலுக்கு இதில் பங்கு உண்டா?

ஹூஸ்டனிலிருந்து:

2017இல் ஹார்வி புயல் வந்தபோது நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருந்தோம், பார்க்கர் நீர்த்தேக்கத்துக்கு மேற்கே. ஆகஸ்ட் 25 இரவு அது கேட்டகரி 4 ஆக (காற்றின் வேகத்தை வைத்து 1 முதல் 5 வரை தரும் தரம்) ராக்போர்ட் பக்கம் கரையேறி அந்த ஊரைச் சிதைத்தது. எங்களுக்குக் காற்றால் ஒன்றும் ஆகவில்லை, மழைதான் வந்தது. கரையேறிய புயல் வழக்கமாக உள்ளே நகர்ந்து ஓய்ந்துவிடும். ஹார்வி நகரவே இல்லை, கரையோரமாகச் சுற்றிக்கொண்டே மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை இழுத்து இழுத்து நாள்கணக்கில் கொட்டியது. டெக்சாஸிலேயே நெதர்லாந்து என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே மொத்தம் 60.58 அங்குலம் பதிவானது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதே 1,400 மில்லிமீட்டர் அளவுதான், இது அதைவிட அதிகம்.

மழை குறைந்து அப்பாடா என்று உட்கார்ந்த பிறகுதான் நீர்த்தேக்கம் நிரம்பிப் பின்பக்கமாகத் தேங்கிய தண்ணீர் தெருவுக்குள் ஏறியது. மீன்பிடிப் படகோடு எங்கிருந்தோ வந்த முன்பின் தெரியாத ஆட்கள்தான் எங்களை வெளியே கொண்டுவந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் தமிழ் நண்பர்கள் வீடு வீடாகப் போய், ஊறிப்போன ஷீட்ராக்கை (சுவர்ப் பலகையை) இடுப்பளவுக்கு வெட்டி எடுத்து, கார்பெட்டைச் சுருட்டி வாசலில் போட்டுக் கொடுத்தார்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது, அதற்குத் தனி பாலிசி வேண்டும். வெள்ள வரைபடத்தில் எங்கள் தெரு அபாயப் பகுதிக்கு வெளியே இருந்ததால் அக்கம்பக்கத்தில் பெரும்பாலோர் அதை எடுத்திருக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஹார்வி மழையை ஆராய்ந்தவர்கள், வெப்பமாதல் அதைச் சுமார் 15 சதவீதம் கூட்டியிருக்கிறது, இப்படி ஒரு மழைக்கான வாய்ப்பையே மூன்று மடங்கு ஆக்கியிருக்கிறது என்று கணித்தார்கள். 38 சதவீதம் வரை போகும் இன்னொரு மதிப்பீடும் உண்டு. பதினைந்துதானே என்று யாரும் சொல்லாதீர்கள். வாசற்படியோடு நின்ற வீட்டுக்கும் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்த வீட்டுக்கும் நடுவே அந்த அளவு வித்தியாசம்தான் இருந்தது.

உலகம் முழுக்கப் புயல்களின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. 1900இல் கால்வஸ்டனில் குறைந்தது 6,000 பேரைக் கொன்ற புயல், இந்தப் பேச்செல்லாம் வருவதற்கு முன்பே வந்ததுதான். புல்வெளியெல்லாம் கான்கிரீட் ஆனதும் ஹூஸ்டன் வெள்ளத்துக்கு ஒரு காரணம். ஆனால் வருகிற புயல் முன்பைவிட அதிகத் தண்ணீரைச் சுமந்து வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தம்பாவிலிருந்து (ஃபுளோரிடா):

அண்ணா, எங்களுக்கு வேறு மாதிரி அனுபவம். நீங்கள் மழையைச் சொல்கிறீர்கள், இங்கே பயமே வேகம்தான். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை மில்டன் அப்போதுதான் ஹரிகேன் ஆகியிருந்தது. மறுநாள் மதியத்துக்குள் கேட்டகரி 5, மாலையில் மணிக்கு 180 மைல் காற்று. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம், விடிந்து போனைப் பார்த்தால் அது வேறு புயலாகிவிட்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஹெலீன் வந்து போனது, அது நனைத்துவிட்டுப் போன சோபாவும் மெத்தையும் இன்னும் தெருவோரத்திலேயே கிடந்தன, அத்தனையும் காற்றில் பறந்து வருமே என்று வேறு கவலை. பங்க்கில் பெட்ரோல் இல்லை, ஐ-75 நெடுஞ்சாலையில் வண்டி நகரவே இல்லை. வளைகுடா அந்த வருடம் வழக்கத்தைவிட ரொம்பச் சூடாக இருந்தது, புயலுக்குத் தீனியே அந்தச் சூடுதான். கடைசியில் கொஞ்சம் வலுவிழந்து கேட்டகரி 3 ஆக, எங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியதால் தம்பா விரிகுடாவில் கடல் ஏறுவதற்குப் பதிலாக உள்வாங்கியது. நாற்பது ஐம்பது மைல் வடக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. 2023இல் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை, ஓடிஸ் ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து கேட்டகரி 5 ஆகி அப்படியே ஊருக்குள் புகுந்தது. ஒரு ஊரைக் காலிசெய்ய இரண்டு மூன்று நாள் வேண்டும், புயல் ஒரே நாளில் வளர்ந்தால் எங்கே போவது?

ஜெர்சி சிட்டியிலிருந்து (நியூயார்க் பக்கத்தில்):

மழை, வேகம் இரண்டையும் சொல்லிவிட்டீர்கள், நான் கடலைப் பற்றிச் சொல்கிறேன். 2012இல் சாண்டி வந்தபோது காற்றின் பலத்தை மட்டும் பார்த்தால் கேட்டகரி 1 அளவுதான். ஆனால் முழுநிலவு நாள், கடல் பொங்கியிருந்த நேரம் பார்த்து வந்தது. பக்கத்து ஹோபோகனில் பாதி ஊர் தண்ணீருக்குள், தரைக்கடியில் ஓடும் பாத் ரயில் நிலையத்துக்குள்ளும் வெள்ளம். மனிதர்களால் உயர்ந்த கடல்மட்டம் மட்டும் அந்தச் சேதத்தில் சுமார் 8 பில்லியன் டாலரைக் கூட்டியது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் கட்டடத்தில் அடித்தளத்தில் இருந்த மின்பலகையை மொத்தமாக இரண்டாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள், செலவை எல்லா வீட்டுக்காரர்களும் பங்கிட்டுக் கொண்டோம். கேட்டி அண்ணா, உங்கள் பக்கம் வீட்டையே உயர்த்திக் கட்டியவர்கள் உண்டா? எவ்வளவு ஆனது, இன்சூரன்ஸ் ப்ரீமியம் குறைந்ததா என்று தெரிந்தால் எழுதுங்கள், இங்கே இரண்டு குடும்பங்கள் அந்த யோசனையில் இருக்கிறார்கள்.