ஊட்டி மலை ரயில்: வெயிட்டிங் லிஸ்ட்டில் ஏறலாமா?

சென்னைவாசி: நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து, காலை 7.10 மலை ரயில் பிடிக்கணும். ஆன்லைன் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட். கூடவே வயசான அம்மா அப்பா. என்ன செய்யலாம்?

குன்னூர்க்காரன்: ஆன்லைன் டிக்கெட்னா, சார்ட் போட்டபிறகும் உறுதியாகலைன்னா தானா ரத்தாகி பணம் திரும்பிடும். அதை வெச்சு ஏற முடியாது. முன்பதிவில்லாத இடம் சொற்பம், சீசன்ல நம்பவே நம்பாதீங்க. பெரியவங்களை வரிசைல நிறுத்துறதுக்குப் பதிலா பஸ்ல குன்னூர் வந்திடுங்க. இங்கிருந்து ஊட்டிக்கு பகல்ல தனி ரயில்களும் உண்டு. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் ஸ்டேஷன்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான்.

பல்சக்கரம்: ஆனா எஞ்சினோட பல்சக்கரம் மாட்டி ஏறற பல் தண்டவாளம் கல்லாறு–குன்னூர் நடுவுல மட்டும்தான், பஸ்ல வந்தா அந்த அனுபவம் போயிடும். 12.5 அடிக்கு 1 அடி ஏற்றம். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். குன்னூர்ல டீசல் எஞ்சினுக்கு மாத்துவாங்க.

குன்னூர்க்காரன்: உண்மைதான். அக்டோபர்–டிசம்பர் மழைல மண் சரிஞ்சு அடிக்கடி ரத்தாகறதும் அந்தப் பகுதிதான். பெரிய சூட்கேஸ் வேண்டாம், மீட்டர்கேஜ் (குறுகிய தண்டவாளம்) பெட்டில வைக்க இடமிருக்காது.