"தேவதூதர்களையும் நியாயந்தீர்ப்போம்": கூண்டில் பொய் சொன்ன எனக்கும் அந்த வசனம் பொருந்துமா?

பனங்காட்டுக்காரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் 19 வருஷமா ஞாயிறு பள்ளி எடுக்கேன். போன வாரப் பாடம் 1 கொரிந்தியர் 6. "பரிசுத்தவான்கள் உலகத்தை நியாயந்தீர்ப்பார்களென்று அறியீர்களா?" வாசிச்சாச்சு. மூணாவது வசனம், "தேவதூதர்களையும் நியாயந்தீர்ப்போமென்று அறியீர்களா?" அதை வாசிச்சதும் ஆறாங்கிளாஸ் பையன் ஒருத்தன் எந்திச்சு, "டீச்சர், நீங்களும் தேவதூதரை நியாயந்தீர்ப்பீங்களா?"ன்னு கேட்டான். கேலியாக் கேட்கலை, ஆசையாத்தான் கேட்டான். எனக்கு வாய் வரலை. அடுத்த வாரம் சொல்லுதேன்னு மணி அடிக்கச் சொல்லிட்டேன்.

காரணம் இதுதான். அப்பா உயில் எழுதாமலே 2014இல் போய்ட்டாங்க. ரெண்டு வருஷத்துல அம்மாவும். நானும் அண்ணனும்தான் பிள்ளைகள். 62 சென்ட் நிலம், ஒரு கிணறு, வரப்போரமா பதினாலு பனை. அண்ணன் பட்டாவைத் தன் பேருக்கு மாத்திக்கிட்டாங்க. சபைப் பெரியவங்ககிட்ட மூணு தடவை போனேன். "பொம்பளப் பிள்ளைக்குப் போட வேண்டியதைப் போட்டாச்சே"ன்னாங்க. 2018இல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். அதுக்கப்புறம் அதே பெரியவங்க, "கோர்ட்டுக்குப் போயாச்சு, இனி நாங்க தலையிடக் கூடாது"ங்காங்க.

குறுக்கு விசாரணையில அண்ணனோட வக்கீல், "கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டாங்க?"ன்னு கேட்டார். பதினொண்ணு. நான் அஞ்சுன்னு சொன்னேன். கடவுள் சாட்சியா உண்மையே சொல்லுதேன்னு உறுதி சொல்லி அரை மணி நேரம்கூட ஆகலை. அண்ணன் பெஞ்சில உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ரெட்டை வடச் சங்கிலியை வாங்க அம்மாகூட நகைக்கடைக்குப் போனதே அவங்கதான்.

மாசத்துல முதல் ஞாயிறு நற்கருணை. ஆண்கள் பக்கத்துல இருந்து அவங்க வருவாங்க, பெண்கள் பக்கத்துல இருந்து நான். ஒரே கிராதியில முழங்கால் போடுதோம். எட்டு மாசமா நான் எந்திச்சுப் போறதில்லை.

வழக்குப் போட்டது பாவமா? பொய் சொன்ன நான் பரிசுத்தவான்கள்ங்கிற கணக்குல வருவேனா? அந்தப் பையனுக்கு என்ன சொல்ல?

ஜெபக்குதிரை:

சகோதரி, அதே அதிகாரம் 7ஆம் வசனம் வாசியுங்கள். "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" நாளைக்கே வழக்கை வாபஸ் வாங்குங்கள். 62 சென்ட் பரலோகத்துக்கு வராது.

வேதபாடம்:

முந்தினவர் 7ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டார். 8ஆம் வசனம்: "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே." அது பங்கைத் தராதவருக்கு. 5ஆம் வசனம் அதற்கும் முன்னால் நிற்கிறது. சகோதரருடைய வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் விவேகி ஒருவனாவது இல்லையா என்று, இந்த நிருபத்தை எழுதிய பவுல் கொரிந்து சபையைக் கேட்கிறார். மூன்று தடவை வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பிய பெரியவர்கள் பதில் சொல்லவேண்டிய வசனம் அது. "பொறுத்துக்கொள்" என்பதை எப்போதும் பங்கு கிடைக்காதவரிடமே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்த வசனத்தைப் பவுல் எந்த ஊருக்கு எழுதினார் என்று பாருங்கள். கொரிந்துவின் சந்தைவெளியில் உயர்ந்த கல்மேடை ஒன்று இருந்தது, அதுதான் நியாயாசனம். அகழாய்வில் வெளிப்பட்டு இன்றும் நிற்கிறது. அப்போஸ்தலர் 18இல் பவுலைக் கல்லியோன் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். டெல்பியில் கிடைத்த கல்வெட்டை வைத்து, கல்லியோன் அங்கே அதிபதியாக இருந்தது கி.பி. 51, 52 வாக்கில் என்று கணக்கிடுகிறார்கள். அவன் வழக்கைக் கேட்கவே இல்லை, துரத்திவிட்டான். நியாயாசனத்துக்கு முன்பாகவே ஜெபஆலயத் தலைவனாகிய சொஸ்தேனேயை அடித்தார்கள், அதையும் அவன் சட்டைசெய்யவில்லை. அந்த மேடையின் லட்சணத்தைக் கண்ணால் கண்டவர்தான், நாளைக்கு உலகத்தையே விசாரிக்கப்போகிற நீங்கள் இங்கேயா போய் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். உங்களை வெட்கப்படுத்தும்படி சொல்லுகிறேன் என்று அவரே எழுதுகிறார். ஆகவே உங்களுக்கு வந்த வெட்கம் வசனம் வேலை செய்வதின் அடையாளம்.

பவுல் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. தானியேல் 7:22இல் நியாயவிசாரிப்பு பரிசுத்தவான்களுக்குக் கொடுக்கப்படுகிறது. வெளிப்படுத்தல் 20:4இலும் சிங்காசனங்கள் இருக்கின்றன. எந்தத் தேவதூதர்கள் என்று பவுல் பிரித்துச் சொல்லவில்லை. 2 பேதுரு 2:4இல் வருகிற பாவஞ்செய்த தூதர்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

யார் பரிசுத்தவான்? கொரிந்து சபையில் கட்சி, விபசாரம், வழக்கு எல்லாம் இருந்தன. ஆனாலும் முதல் அதிகாரத்திலேயே அவர்களைப் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று அழைக்கிறார். 6:9, 10இல் பெரிய பட்டியல் போட்டுவிட்டு 11இல், "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும் கழுவப்பட்டீர்கள்" என்கிறார். கழுவப்பட்டவன் திரும்பச் சேற்றில் உட்காரக் கூடாது, அதற்காகத்தான் இத்தனை கடிந்துகொள்ளுதலும். அந்த ஆறு பவுனை மட்டும் நீங்கள் இன்னும் கழுவக் கொடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:

அம்மா, சிவில் கோர்ட்டில் 31 வருஷம் கட்டுத் தூக்கினவன் நான். சட்டப்படி ஒரு விஷயம் சொல்றேன், மனசு தாங்கிக்கோங்க.

கிறிஸ்தவங்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லேன்னா மகன், மகள் ரெண்டு பேருக்கும் சமபங்கு. அப்பா சொத்தில் மூணில் ஒண்ணு அம்மாவுக்கு, மீதி பிள்ளைங்களுக்கு. அம்மாவும் உயில் எழுதாமப் போயிருந்தா அதுவும் உங்க ரெண்டு பேருக்கே. ஆக ஆளுக்குப் பாதி. அதே சட்டத்தில் 49ஆம் பிரிவு இருக்கு. அப்பா உயிரோட இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததை, உயில் இல்லாத பங்கில் கழிக்கக் கூடாது. பதினொண்ணு இல்லே, நாப்பது பவுன் போட்டிருந்தாலும் உங்க பங்கு குறையாது. அந்தப் பொய் உங்களுக்குத் தேவையே இல்லைம்மா. இப்படி எத்தனை பேரைக் கூண்டில் பார்த்திருக்கேன். நியாயம் தன் பக்கம் இருக்கும், பயத்தில் ஒரு பொய்யைச் சேர்ப்பாங்க, எதிர்த்தரப்பு கேஸை விட்டுட்டு அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கும்.

உங்க வக்கீல்கிட்ட இதை முழுசாச் சொல்லுங்க. சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போட வழி இருக்கு. அனுமதிக்கிறது நீதிபதி கையில். பொய்ச் சாட்சி சட்டப்படியும் குற்றம், அதனால வக்கீலைக் கேட்காம நீங்களா எதுவும் செய்யாதீங்க. அண்ணன் சம்மதிச்சா வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அங்கே சமரசமா முடிஞ்சா அதுவே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது, கட்டின கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும்.

வழக்குப் போட்டது பாவமான்னு கேட்டீங்க. எண்ணாகமம் 27 வாசிங்க. செலொப்பியாத்தின் குமாரத்திகள் அஞ்சு பேரும் மோசே முன்னால நின்னு தகப்பன் சொத்தில் பங்கு கேட்டாங்க. அவங்க கேட்டது சரின்னு கர்த்தரே சொன்னார்.

மறைக்கல்வி டீச்சர்:

நான் குமரி மாவட்டம், கத்தோலிக்கச் சபை. எங்க திருவிவிலியத்தில் "பரிசுத்தவான்கள்" வர்ற பல இடத்தில் "இறைமக்கள்"னு இருக்கும். அதை வாசிக்கும்போது, பீடத்தில் சுரூபமா நிக்கிறவங்களை மட்டும் சொல்லலை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நம்மளையும் சேர்த்துத்தான்னு எனக்குப் புரிஞ்சுது.

எங்க பிள்ளைங்க இதே கேள்வியைக் கேட்டா நான் தேவசகாயத்தைச் சொல்வேன். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. குற்றவாளின்னு தீர்த்து, எருமை மேல ஏத்தி ஊர் ஊரா இழுத்துட்டுப் போனாங்க. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15இல் திருச்சபை அவரைப் புனிதர்னு அறிவிச்சுது. தீர்ப்புக் கொடுக்க உட்காரப்போறவர், இங்கே தீர்ப்பு வாங்கினவரா நின்னார். அந்தப் பையனுக்கு இதைச் சொல்லிப் பாருங்க டீச்சர்.

பனங்காட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா ஐயா எழுதின 49ஆம் பிரிவை வாசிச்சுட்டு அடுக்களையில உட்கார்ந்து அழுதேன். தேவையே இல்லாத பொய்.

வக்கீல்கிட்டப் போனேன். முதல்ல கோபப்பட்டார், பிறகு மனு எழுத ஒத்துக்கிட்டார். என்ன வந்தாலும் சரி, பதினொண்ணுன்னு சொல்லிருவேன். வழக்கை வாபஸ் வாங்கப் போறதில்லை. ஆனா மக்கள் நீதிமன்றத்துக்குப் போகச் சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டேன். கிணத்துப் பக்கம் அண்ணனுக்கே இருக்கட்டும், அவங்கதான் தண்ணி பாய்ச்சுதாங்க.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். மதினி எடுத்தாங்க. "அஞ்சுன்னு சொன்னது பொய், அண்ணன்கிட்டச் சொல்லிருங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீயே சொல்லு"ன்னு போனை அவங்க கையில கொடுத்துட்டாங்க. அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. மூச்சு விடுத சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வைக்கலை.

ஞாயித்துக்கிழமை அந்தப் பையன்கிட்ட, "ஆமாப்பா, வேதம் அப்படித்தான் சொல்லுது. அதுக்கு முன்னால டீச்சர் கோர்ட்ல ஒரு பொய்யைத் திருத்த வேண்டியிருக்கு"ன்னு சொன்னேன். "என்ன பொய் டீச்சர்?"ன்னான். அதையும் சொன்னேன்.