புதுப்பிப்பு: மூடி ஆமை ஒருவழியாக எழுந்து நின்றுவிட்டது

கடற்கரையில் பொறுக்கிய பாட்டில் மூடிகளால் 12 அடிப் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) சிற்பம் செய்கிறோம், எந்தப் பசை போட்டாலும் மூடிகள் உதிர்கின்றன என்று இரண்டு மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன் அல்லவா?

பசையைத் திட்டியது தவறு. அந்த மூடிகள் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மெழுகுபோல வழுக்கும் பரப்பு. சாதாரணப் பசை அதில் பிடிக்காது. "துளை போட்டுக் கட்டுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார், அவருக்கு நன்றி. மூடிக்கு இரண்டு துளை, கட்டுக்கம்பியால் கோழிவலையோடு ஒரு முறுக்கு. விரல் நுனியெல்லாம் கீறல். மூன்று வாரக் கடற்காற்றில் ஒரு மூடிகூட விழவில்லை.

மூங்கில் சட்டத்தைக் கைவிட்டு இரும்புக் கம்பிக்கு மாறினோம். 2018இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரக் கால்வாயில் 5 டன் பிளாஸ்டிக்கால் எழுந்த திமிங்கிலத்துக்கும் உள்ளே உலோகச் சட்டம்தான்.

நிறம்தான் காலை வாரியது. தண்ணீர் பாட்டில் புண்ணியத்தில் நீல மூடி மலைபோலக் கிடைத்தது, பச்சை கைப்பிடி அளவுதான். எனவே எங்கள் ஆமை நீலம். துடுப்புக்குக் கிழிந்த மீன்வலையைக் கழுவாமல் சுற்றியது இன்னொரு மடத்தனம். தெருநாய்கள் இரண்டு நாள் அதைவிட்டு நகரவில்லை.

வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கித் தூளாக உதிரும். அந்தத் தூள் மறுபடி கடலுக்கே போகும். அதனால் சித்திரைக்குள் கூரையடிக்கு மாற்றுகிறோம். குட்டியானை வண்டியில் ஆமை ஏறுமா என்று நாளை அளந்து பார்க்க வேண்டும்.