கலைச்சொல் விவாதம்: ‘நியூமேட்டிக் ஃப்ரேமிங் நெய்லர்’ – ஆணியடிப்பானா, ஆணிபாய்ச்சியா?

மடல் 1 (சென்னையிலிருந்து)

குழுவினர்க்கு வணக்கம்.

மரவீடு கட்டும் தச்சர்கள் கருவி வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வட அமெரிக்கத் தொழிலாளர்களுக்காக எழுதப்பட்டது. ரம்பம், இழைப்புளி, ரசமட்டம் வரை தடையில்லாமல் வந்துவிட்டேன். காற்றின் விசையால் வீட்டு மரச்சட்டங்களில் ஆணி இறக்கும் கருவியான ‘நியூமேட்டிக் ஃப்ரேமிங் நெய்லர்’ வந்ததும் நின்றுவிட்டேன். மூன்று சொல், மூன்றிலும் வம்பு.

நெய்லரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் உடனே தோன்றுவது ‘ஆணித்துப்பாக்கி’. கேட்டவுடன் புரியும், மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி என்பதே துருக்கி மொழியிலிருந்து நமக்கு வந்த சொல். அது கூடப் பரவாயில்லை, கருவியைப் பற்றித் தவறான படத்தைத் தருகிறதோ என்பதுதான் என் ஐயம். ‘ஆணியடிப்பான்’ என்றால் ‘அழிப்பான்’ போல ஒரு பொருளின் பெயர்தான். ஆனால் “தம்பி நாளைக்கு வந்து ஆணியடிப்பான்” என்று எழுதினால் கருவி வருகிறதா, ஆள் வருகிறானா? 

‘ஆணிமுடுக்கி’ என்று போன வாரம் ஒருவர் சொன்னார். எனக்கும் முதலில் பிடித்தது. பிறகு யோசித்தால், திருகாணியைத்தான் நாம் முடுக்குகிறோம், கடிகாரத்துக்குச் சாவியை முடுக்குகிறோம். சுழற்றி இறுக்குவது முடுக்குதல். இதைக் கையேட்டில் பார்க்கும் ஆசாரி ஸ்க்ரூ போடும் எந்திரம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

என் சொந்த ஆசை ‘கடாவி’. பழைய அகராதிகளில் கடாவுதல் என்றால் ஆணியையோ ஆப்பையோ அடித்து இறக்குதல். அம்பு விடுவதும் தேர் ஓட்டுவதும்கூடக் கடாவுதல்தான். இப்படி ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு வேறு சொல் தேடுகிறோமே என்றிருக்கிறது. ஆனால் இன்று வினாவைத் தவிர யாரும் எதையும் கடாவுவதில்லை.

ஃப்ரேமிங்குக்கு ‘சட்டம்’ என்று போட்டால் ‘சட்ட ஆணி’ வக்கீல் அலுவலகத்துச் சாமான் போல ஒலிக்கிறது. ‘சட்டகம்’ இருக்கிறது, அதை ஆய்வேட்டுக்காரர்கள் கோட்பாட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். திரும்பக் கேட்டால் தருவார்களா தெரியவில்லை.

கருவியைக் கையில் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மடல் 2 (ரொறன்ரோவிலிருந்து)

ஐயாவுக்கு வணக்கம்.

நான் இங்கே வீட்டுச் சட்டக வேலை செய்கிறவன். பன்னிரண்டு வருடமாக அந்தக் கருவியோடுதான் சீவியம். தமிழ்ப் பண்டிதம் எனக்கில்லை, கருவியைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் துப்பாக்கி. தயவுசெய்து வேண்டாம். துப்பாக்கி தூரத்தில் இருப்பதைச் சுடும். இதில் மூக்கை மரத்தில் வைத்து அழுத்தினால் ஒழிய ஆணி வெளியே வராது. மூக்கில் ஒரு நகரும் முனை உண்டு, அது உள்ளே போனால்தான் விரலால் அழுத்தும் விசை வேலை செய்யும். வேலைத்தளத்துக்குப் புதிதாக வரும் பெடியள் இதைத் துப்பாக்கி மாதிரித் தூக்கிக்கொண்டு விளையாடுவதை நான் கண்டிருக்கிறேன். பெயரே அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

உள்ளே நடப்பது இதுதான். குழாய் வழியாக அமுக்கக் காற்று வந்து கருவிக்குள் நிற்கும். விசையை அழுத்தினால் மேலே ஒரு வால்வு திறந்து, காற்று பிஸ்டனை ஒரே மூச்சில் கீழே தள்ளும். பிஸ்டனில் இருக்கும் தட்டையான கம்பி ஒரு ஆணியை, வரிசையாகக் கோத்த ஆணிச்சரத்திலிருந்து பிய்த்து மரத்துக்குள் இறக்கிவிடும். விசையை விட்டால், கீழே ஒதுங்கின காற்றே பிஸ்டனைத் திரும்ப மேலே தூக்கும். சுத்தியல் மாதிரி நாலு அடி, ஐந்து அடி இல்லை. ஒரே ஒரு தரம். அதனால் ‘அடி’ என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

காற்றின் அமுக்கம் 70 முதல் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) வரை வேண்டும். ஆணி 2 அங்குலத்திலிருந்து 3½ அங்குலம் வரை. இங்கே ‘டூ பை ஃபோர்’ (இரண்டுக்கு நாலு அங்குலம்) என்கிற மரம் உண்மையில் 38க்கு 89 மில்லிமீட்டர், அதை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திச் சுவர் செய்வோம். ஒரு நாளைக்கு எத்தனை ஆணி போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கையேடு எப்படி எழுதியிருக்கிறதோ தெரியாது, நான் வாங்கும்போது முதலில் பார்ப்பது ஆணிச்சரத்தின் சாய்வு. 21 பாகை என்றால் பிளாஸ்டிக்கில் கோத்த சரம், ஆணித்தலை முழு வட்டமாக இருக்கும். 30 முதல் 34 பாகை என்றால் கடதாசியில் ஒட்டின சரம். மூக்கு ஒடுங்கின மூலைக்குள் நன்றாகப் போகும், ஆனால் சிலதில் ஆணித்தலை ஒருபக்கம் வெட்டியிருக்கும். வெட்டின தலையைச் சில ஊர்களில் கட்டட விதி ஏற்காது, ஆய்வாளர் வந்தால் சுவரைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். 15 பாகைச் சுருளில் 200க்கு மேல் ஆணி இருக்கும், ஆனால் அந்தப் பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், மத்தியானத்துக்குள் தோள் சொல்லும். பிளாஸ்டிக் சரத்தில் இன்னொரு கரைச்சல், துண்டுகள் சிதறிப் பறக்கும். கண்ணாடி போடாமல் நிற்கக்கூடாது.

அடுத்தது விசை. இரண்டு வகை. ஒன்றில் முதலில் மூக்கை அழுத்தி, பிறகு விசையை அழுத்த வேண்டும், ஒவ்வொரு ஆணிக்கும் இதே ஒழுங்கு. மற்றதில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கைத் தட்டத் தட்ட ஆணி போகும். வேகம் என்று எல்லோருக்கும் இரண்டாவதுதான் ஆசை. அமெரிக்க அரசின் தொழில்பாதுகாப்பு நிறுவனங்கள் 2011இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. இரண்டாவது வகையில் காயப்படும் ஆபத்து இரண்டு மடங்கு என்று அதில் இருக்கிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 37,000 பேர் இந்தக் கருவிகளால் காயப்பட்டு அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு இடக்கைப் பெருவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது, அதற்குப் பிறகு நான் முதல் வகைதான்.

பாரம் 3½ கிலோவுக்குக் கிட்ட. ஆனால் தராசு சொல்வதை விட, சரம் ஏற்றின பிறகு கைக்குள் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஆணி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் திருகி மாற்ற வசதி இருக்க வேண்டும், அதுவும் சாவி தேடாமல் விரலால். ஆணி முடிந்ததும் வெறுமனே அடிக்காமல் பூட்டிக்கொள்ள வேண்டும். காலையில் இரண்டு மூன்று துளி எண்ணெய். எங்கள் குளிருக்கு அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு, இல்லாவிட்டால் உள்ளே ஈரம் உறைந்து கருவி அசையாது.

‘காற்று’ என்பதைப் பெயரில் ஒட்டாமல் வைப்பது நல்லது. 1986இலேயே காற்றுக் குழாய் இல்லாமல் எரிவாயுவில் ஓடும் கருவி சந்தைக்கு வந்துவிட்டது. இப்போது பற்றரியும் வந்துவிட்டது. ஆணி இறங்குவது ஒன்றுதான், தள்ளுவதுதான் வேறு.

மடல் 3 (சென்னையிலிருந்து)

தம்பி, உங்கள் மடலை மூன்று முறை படித்தேன். என் கையேட்டில் பாதி தேவையில்லை என்றாகிவிட்டது.

“ஒரே ஒரு தரம்” என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சொல் கிடைத்தது: பாய்ச்சுதல். கத்தியைப் பாய்ச்சுகிறோம், வேலைப் பாய்ச்சுகிறோம். ஒரே வீச்சில் உள்ளே போவது. கத்தியைப் பாய்ச்சும்போது அது கையைவிட்டுப் பறப்பதில்லை, ஆகவே உங்கள் துப்பாக்கிக் கவலையும் இதில் இல்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் வரை எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். என் கடாவியை அதன் தேரிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன்.

எனவே நெய்லர் ‘ஆணிபாய்ச்சி’. ஃப்ரேமிங் நெய்லர் ‘சட்டக ஆணிபாய்ச்சி’. சட்டகத்தை ஆய்வேட்டுக்காரர்களிடமிருந்து மீட்டாயிற்று, மரம் அவர்களுக்கு முன்பே அங்கே இருந்ததுதானே. நீங்கள் சொன்னபடி, காற்றை முதல் இடத்தில் மட்டும் சொல்லி, பிறகு விட்டுவிடுகிறேன். அதிலும் ‘காற்றழுத்த’ என்று எழுதினால் நீங்கள் ‘அமுக்க’ என்பீர்கள். நாங்கள் முடுக்கம் என்பதை உங்கள் இலங்கைப் பாடநூல் ஆர்முடுகல் என்கிற மாதிரி இதுவும் தீராத வழக்கு. ‘காற்றியக்க ஆணிபாய்ச்சி’ என்று எழுதினால் இரு கரையிலும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘ஆணிச்சரம்’ பொன். பூச்சரம், பட்டாசுச்சரம் பார்த்த கண்ணுக்கு விளக்கமே வேண்டாம். சுருளாக வருவது ‘ஆணிச்சுருள்’. மூக்கு, மூக்குதான். ஒழுங்கு மாறாமல் அழுத்தும் விசைக்கு ‘முறைவிசை’, தொடத்தொட ஆணி விடும் விசைக்கு ‘தொடுவிசை’ என்று வைத்திருக்கிறேன். தொடுவிசை கொஞ்சம் தொடுதிரையை நினைவூட்டுகிறது, சரிப்படுமா?

இன்னொன்று மிச்சமிருக்கிறது. நிற்கும் கட்டையை அடிக்கட்டையோடு சேர்க்க, பக்கவாட்டிலிருந்து ஆணியைச் சாய்த்து இறக்குவார்களாமே, ஆங்கிலத்தில் அதற்குக் கால்விரலை வைத்து ஒரு பெயர். ‘சாய்வாணி’ என்று குறித்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. ஊரில் கொட்டகைக்கு ரீப்பர் அடிக்கும் ஆசாரிகள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்காமல் இருக்கமாட்டார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்.